புதுக் குசினியும் ஒருதரம் பாவிக்கும் சாமான்களும்: வன்னிக்குக் குடிவருபவர்களுக்கு

வன்னியில் வீடு எடுக்கிறவர்கள் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், பிறகு குசினியைப் பார்ப்பார்கள். அப்படியே வளவின் பின்பக்கத்துக்கும் ஒருக்கால் போய்வாருங்கள். உங்களுக்கு முன் இருந்தவர்கள் எப்போதோ தின்ற யோகட்டின் கப் அங்கே கிடக்கும். பால்மாப் பைக்கற் நிறம் வெளிறியிருக்கும், ஆனால் ஒரு மூலையும் உக்கியிருக்காது. சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் சீற் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

நகரப்பக்கம் குப்பை எடுக்கப் பிரதேச சபையின் உழவு இயந்திரம் வரும். ஒட்டுசுட்டான், துணுக்காய் என்று உள்ளே போகப்போக எல்லா ஒழுங்கைக்கும் அது வராது. ஆகவே குசினிக்குள் கொண்டுவரும் எந்தச் சாமானும் கடைசியில் உங்கள் காணிக்குள்தான் கிடக்கப்போகிறது. நான் பழகிக்கொண்ட முறை இதுதான்: வாங்கும்போதே அது போய்ச் சேரும் இடத்தை முடிவெடுப்பேன். மாடு தின்னுமா, மண் தின்னுமா, அடுப்பு தின்னுமா, அல்லது சாக்கில் சேர்த்து விற்கலாமா? நாலுக்கும் பதில் இல்லையென்றால் அதை வாங்குவதில்லை.

ஒருதரம் பாவித்து எறியும் சாமானே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆவணி மாதத்தில் கிணற்றின் அடி தெரியும்போது, இருபது பேர் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் சனத்துக்குப் பார்சல் கட்டித்தான் கொடுக்கலாம். 2009இல் செட்டிகுளத்து முகாமில் எங்களுக்குத் தட்டு இல்லை. பார்சல் வந்த லஞ்ச் சீற்றைக் கழுவி, கூடாரக் கயிற்றில் காயவிட்டு, அடுத்த நேரமும் அதிலேயே சாப்பிட்டோம். அந்தத் தாளுக்கு நன்றி சொல்லவேண்டிய காலம் அது. இப்போது வீடு இருக்கிறது, வளவு இருக்கிறது. எதை எப்போது எடுப்பது என்று யோசிக்க இடமும் இருக்கிறது.

1. கடையில் கேட்கக்கூடாதவை

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புதுவருட நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றும், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும், 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான தடிப்புள்ள பொலித்தீனும் நாடு முழுக்கத் தடை. குப்பையோடு பிளாஸ்ரிக்கை வெளியில் எரிப்பதும் அதோடு தடைசெய்யப்பட்டது. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, யோகட் கப் தவிர்ந்த கப், பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த சொப்பிங் பாக்கைக் கடைக்காரர் சும்மா தரமுடியாது, காசு வாங்கி பில்லில் காட்டவேண்டும்.

இவ்வளவு சட்டம் இருந்தும் சில கடைகளில் பழைய லஞ்ச் சீற் கிடைக்கத்தான் செய்கிறது. 'உக்கும்' என்று அச்சடித்த தாளும் வருகிறது. அப்படி ஒன்றைச் சாப்பாட்டுக் கழிவோடு கிடங்கில் போட்டு, ஒரு மாரி கழிந்து கிண்டிப் பார்த்தேன். கிழிந்திருந்தது, உக்கியிருக்கவில்லை. இப்படியான தாள்களில் பல, தொழிற்சாலையில் கூட்டெரு செய்யும் சூட்டில்தான் உக்கும். வீட்டுக் கிடங்கில் அந்தச் சூடு வராது. வாங்குவதென்றால் சாதாரண பொலித்தீன் லஞ்ச் சீற்றைப் போலவே கணக்கில் வையுங்கள்.

இடியப்பத் தட்டுக்குப் பிரம்பில் அல்லது ஈர்க்கில் பின்னியதைச் சந்தையில் தேடுங்கள். புட்டு அவிக்க ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டி ஒன்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். சந்தைக்குப் போக ஓலையில் பின்னிய பையான உமல் ஒன்று போதும். மீன் வாங்கினால் தண்ணீர் ஓலை இடுக்கால் வடிந்துவிடும், பையில் கட்டிய மீன் போல வேர்த்துப் பழுதாகாது.

2. கிடங்கு வெட்டும் முன்

மண் தின்னும் கழிவுக்கு ஒரு கிடங்கு வேண்டும். இரண்டு அடி அகலம், மூன்று அடி ஆழம், கிணற்றில் இருந்து ஐம்பது அடியாவது தள்ளி. ஆனால் வன்னிக்குப் புதியவர்கள் மண்வெட்டியை எடுக்கும் முன் ஒன்றைச் செய்யவேண்டும். அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடமும், பக்கத்து வீட்டு வயசானவர்களிடமும் கேளுங்கள். இவ்வளவு வருடம் கழிந்தும் தோட்டம் கொத்தும்போது வெடிபொருள் வெளிப்படுகிறது. குப்பையைக் கூட்டிக் கொளுத்தியபோது மண்ணுக்குள் கிடந்தது வெடித்துக் காயப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். கறள் பிடித்த இரும்பு எதுவும் தென்பட்டால் தொடவேண்டாம், தட்டிப் பார்க்கவேண்டாம். அந்த இடத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைக்கவும் போகாமல், வந்த வழியாலேயே திரும்பி வந்து 119க்குச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கிடங்குக்குள் சோறு, மரக்கறித் தோல், இலை, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது போகலாம். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கை மண்ணோ சாம்பலோ தூவுங்கள். மூடாவிட்டால் நாய் கிண்டும், காட்டோரம் என்றால் யானையும் மணம் பிடித்து வரும்.

மிச்சக் கறியைச் சொப்பிங் பாக்கில் கட்டி வேலியோரம் எறிவதுதான் நான் கண்டதில் மோசமான பழக்கம். முடிச்சுப் போட்ட பையை மாடு பையோடுதான் விழுங்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பசு நாலு நாள் அசைபோடாமல் நின்று விழுந்தது. வயிற்றைத் திறந்தபோது கயிறு போல முறுகிய பொலித்தீன், கை நிறைய, இழுக்க இழுக்க வந்தது. அந்தப் பசுவில்தான் அந்த வீட்டின் பால் காசு இருந்தது.

3. இலைகளைப் பழகுவது

ஒருதரம் பாவிக்கும் தட்டு வன்னியில் மரத்திலும் குளத்திலும் முளைக்கிறது. ஆனால் புதியவர்கள் இலையைப் பிய்த்து அப்படியே சோற்றைக் கட்டிவிட்டு, வெடித்து ஊற்றியதும் லஞ்ச் சீற்றுக்குப் போய்விடுகிறார்கள். இலைக்குக் கைப்பழக்கம் வேண்டும்.

வாழையிலையைக் கட்டுவதற்கு எடுப்பதென்றால் வாட்டவேண்டும். நடு நரம்பின் முதுகைக் கத்தியால் சீவி மெல்லிசாக்குங்கள். அடுப்பில் சுவாலை அடங்கித் தணல் நிற்கும்போது, இலையின் பின்பக்கம் கீழே இருக்க, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். வெளிர் பச்சை கறுத்துப் பளபளப்பாக மாறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். மாறிய இடத்தில் அதற்கு மேல் ஒரு நொடியும் வைக்காதீர்கள், கருகினால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். சரியாக வாட்டிய இலை துணி போல மடியும். ஒன்றுக்கு மேல் ஒன்று குறுக்காக இரண்டு இலை வைத்துக் கட்டினால் பருப்பும் கசியாது. கட்ட வாழைநார், தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தது.

தாமரையிலையை வன்னிக் கோயில் அன்னதானங்களில் பார்த்திருப்பீர்கள். ஓர் இலை ஒரு ஆளுக்குக் காணும். அதில் குழம்பு ஊற்றினால் மணி மணியாய் உருண்டு ஓரத்துக்கு ஓடும், ஆகவே கறியைத் தடிப்பாக வையுங்கள், சோற்றுக்கு நடுவில் குழி விட்டு ஊற்றுங்கள். இலையின் கீழ்ப்பக்கத்தில் நத்தை முட்டையும் அட்டையும் ஒட்டியிருக்கும், இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவவேண்டும். இலை பிடுங்கக் குளத்துக்குள் நீங்கள் இறங்காதீர்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, தாமரைக் கொடி காலைச் சுற்றினால் நீந்தத் தெரிந்தவரும் தாழ்வார். இறங்கிப் பழகியவர்களிடம் காசு கொடுத்து வாங்குங்கள். வயல் கழிவு வாய்க்கால் விழும் மூலையில் பிடுங்கினதா என்றும் கேளுங்கள், அங்கே மருந்துத் தண்ணீர் தேங்கும்.

தேக்கமிலை பெரிசு, தடிப்பு, இறைச்சி சுற்ற நல்லது. நசிந்தால் சிவப்புச் சாறு விடும், வெள்ளைச் சட்டையோடு பிடிக்கவேண்டாம். வடை, பணியாரம் வைக்கப் பூவரசம் இலை போதும். கூழ் குடிக்கப் பலாவிலையைக் கோலி ஒரு ஈர்க்குக் குத்தினால் சரி, பனையோலையில் பிளா கோலத் தெரிந்தவர் இருந்தால் இன்னும் திறம்.

சிரட்டை பற்றி ஒன்று சொல்லவேண்டும். மே 18ஐ அண்டிய நாட்களில், போரின் கடைசி நாட்களை நினைத்துக் கொடுக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர்களுக்கு அந்தச் சூடு கைக்குள் எப்படி இருக்கும் என்று தெரியும். அதே சிரட்டையை வீட்டிலும் கோப்பையாக்கலாம். தேங்காயை உடைத்ததும் கண் இல்லாத பாதியை எடுத்து வையுங்கள், கண் உள்ள பாதி ஒழுகும். வெளித்தும்பைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, விளிம்பைக் கல்லில் உரஞ்சி, ஒருதரம் தண்ணீரில் அவித்துக் காயவிட்டால் கஞ்சிக்கும் கூழுக்கும் ஆயிற்று. கழுவிக் காயவைத்தால் பலதரம் வரும். வெடித்த அன்று அடுப்புக்குள் போகும்.

4. சூடும் பிளாஸ்ரிக்கும்

குசினிக்குள் வந்துவிட்ட பிளாஸ்ரிக்கைத் திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் சோடா, தண்ணீர்ப் போத்தல். சுடுதண்ணீர் ஊற்றினால் நெளிந்து சுருங்கும், அதில் கொதிநீர் நிரப்பிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து விடவேண்டாம். 6 என்றால் ரெஜிபோம் இனம். கொதிக்கும் எண்ணெய்க் கறி பட்டால் இளகும், சாப்பாட்டுக்கு வேண்டவே வேண்டாம். 5 சூடு தாங்கும். சாப்பாட்டுப் பெட்டியாக வந்த 5ஐக் கழுவி அடுக்கி வைத்தால் பலகாரம் கொடுத்துவிட உதவும். எண் இல்லாத கறுப்பு, கலர் சொப்பிங் பாக்குகள் பெரும்பாலும் பழைய பிளாஸ்ரிக்கை உருக்கிச் செய்தவை. முல்லைத்தீவு மீனை அதிலே கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். மீனுக்கு மூடியுள்ள பெட்டியை எடுங்கள்.

அலுமினியத் தாளைப் புளிக்கறிக்கும் தேசிக்காய்க்கும் தக்காளிக்கும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், புளி அதை அரிக்கும். பத்திரிகைத் தாளில் சுடச்சுட வடை சுற்றினால் எண்ணெய் அச்சு மையை இழுத்துக்கொள்ளும். வடைக்குக் கீழே ஒரு வாழையிலைத் துண்டு இருக்கட்டும், தாளை வெளியில் சுற்றுங்கள்.

5. வேலைக்குப் பார்சல் கட்டுவது

வவுனியாவில் இருந்து விடிய பஸ் ஏறிப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களும், மாற்றலாகி வந்த தாதியரும் கேட்கும் கேள்வி இது. நான் வந்த புதிதில் ஐந்து மணிக்கு இறக்கிய சோற்றை அப்படியே கட்டுவேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னா: "பிள்ளை, கொதிக்கக் கொதிக்கக் கட்டினா சோறு வேர்க்கும். வேர்த்த சோறு மத்தியானத்துக்கு நிக்காது."

மாமி சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சோற்றில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அவியலுக்கும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் பல மணித்தியாலம் மூடிக்கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோற்றைச் சுளகிலோ அகலத் தட்டிலோ பரப்பி, விசிறி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு உடனே கட்டுங்கள். ஆற வைக்கிறேன் என்று மணிக்கணக்காய் விடவும் வேண்டாம். பால்கறி பார்சலுக்குள் போகக்கூடாது. பொரியல், வறை, நெத்தலித் தீயல் போகலாம். விடியக் கட்டி மத்தியானம் பிந்திச் சாப்பிடுகிறவர் என்றால் சோற்றை விட்டுவிட்டு ரொட்டியும், செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடிச்ச சம்பலும் கொண்டுபோங்கள். சம்பலுக்குத் தேங்காய்ப்பூ சேர்க்காதீர்கள். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் புதிதாகச் சமைத்துப் பத்துமணிக்குச் சைக்கிளில் கொண்டுபோவதைப் பார்ப்பீர்கள். அதுதான் சரியான நேரக்கணக்கு.

பார்சலுக்கு வெளியில் லஞ்ச் சீற் சுற்றத்தான் வேண்டும் என்றால் உள்ளே வாட்டிய இலை இருக்கட்டும். சோறு தாளில் படாது, தாளும் அழுக்காகாமல் நாலுநாள் வரும்.

6. பத்துப் பேருக்கு மேல் வந்தால்

செத்தவீடு, எட்டுச்செலவு, துவசம், பிள்ளையின் பிறந்தநாள். அந்த நேரம்தான் கடைக்கு ஓடிப் பேப்பர் கப் வாங்குவோம். பேப்பர் கப்பின் உட்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் பூச்சு உண்டு, அதனால் அது மண்ணுக்கும் போகாது, அடுப்புக்கும் போகாது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் அப்படியான கப்பில் 100 மில்லிலீற்றர் சுடுநீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்து, ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்ரிக் துணிக்கைகள் அதில் கலந்ததைக் காட்டியிருக்கிறார்கள். தேத்தண்ணியை ஆறவிட்டுக் கதைத்துக்கொண்டு குடிக்கிற எங்கள் சனத்துக்கு இது சின்ன விசயமில்லை.

எவர்சில்வர் பேணியும் கோப்பையும் பல கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கோயிலிலோ வாடகைக்குக் கிடைக்கும். குடிவந்த முதல் மாதமே சங்கத் தலைவி அக்காவிடம் அறிமுகமாகி எத்தனை இருக்கிறது, என்ன வாடகை என்று கேட்டு வையுங்கள். செத்தவீட்டில் நின்று அதை விசாரிக்க முடியாது. கழுவும் தண்ணீரைச் சிக்கனமாக்க மூன்று சட்டி வையுங்கள். முதல் சட்டிக்குப் போகும் முன் சாம்பலும் தும்பும் போட்டு எண்ணெயைத் துடைத்துவிட்டால் மூன்று சட்டித் தண்ணீரில் அறுபது பேணி கழுவலாம். கடைசிச் சட்டியில் சுடுதண்ணீர்.

சாப்பாட்டுக்கு இலை. இலை போதாத கோடையில், தண்ணீரும் இல்லை என்றால், கோப்பைக்கு மேல் லஞ்ச் சீற் விரிப்பதை நான் குறைசொல்லமாட்டேன். வயிற்றோட்டம் பிடித்த ஆள் வீட்டில் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் தாளில் இருக்கும் சோற்றைக் கிடங்கில் தட்டிவிட்டுத் தாளைத் தனியாகச் சேருங்கள். சோற்றோடு சுருட்டி எறிந்த தாள்தான் மாட்டின் வயிற்றுக்குப் போவது.

7. அடுப்பு மூட்டுவது

விறகு நனைந்திருந்தால் ஒரு சொப்பிங் பாக்கைச் செருகிக் கொளுத்துவது இங்கே பல வீடுகளில் வழமையாகிவிட்டது. அந்தக் கறுத்த புகை முதலில் போவது ஊதுகுழலோடு குனிந்திருக்கும் பெண்ணின் நெஞ்சுக்குள். பிறகு பானைக்குள். பன்னாடை, கொக்கறை, காவோலை, தென்னம்பாளை, பொச்சுமட்டை, இவை எல்லாம் வெயில் நாளில் பொறுக்கி, மாரிக்கு முன் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடவேண்டியவை. காய்ந்த பனங்கொட்டை ஊமல் ஒன்றைத் தணலில் வைத்தால் நின்று எரியும். வாடகை வீட்டில் பரண் இல்லையென்றால் உரப் பையொன்றில் நிரப்பிக் கூரைக்குக் கீழ் தொங்கவிடுங்கள்.

8. மாரி வரும் முன்

ஒக்டோபரில் மழை இறங்கும். வளவில் கிடக்கும் யோகட் கப், சிரட்டை, டின் எல்லாம் டெங்கு நுளம்புக்கு வீடு. முட்டை நுளம்பாகி எழும்ப ஏழு முதல் பத்து நாள் போதும், காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டியிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற அன்றே வளவையும் ஒரு சுற்று வந்தால் கணக்குச் சரியாக வரும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு உட்பக்கத்தை உரஞ்சிக் கழுவுங்கள், கவிழ்த்தால் மட்டும் முட்டை போகாது.

மிச்சம் சாக்குக்கு. ஒரு சாக்கில் பிளாஸ்ரிக் போத்தல், மிதித்து நசித்து மூடியைப் போட்டு. இன்னொன்றில் கண்ணாடியும் டின்னும். பழைய இரும்பு, போத்தல் எடுக்கிறவர் ஒழுங்கைக்கு வரும்போது நிறைந்த சாக்காக இருந்தால்தான் நின்று எடுப்பார். ஈரம் இருந்தால் விலை குறைப்பார், ஆகவே காயவிட்டே போடுங்கள்.

விற்க முடியாதது 400 கிராம் பால்மாப் பைக்கற். உள்ளே அலுமினியம், வெளியே பிளாஸ்ரிக், பிரிக்க ஏலாது. அதை மேல்வாய் நேராக வெட்டிக் கழுவி, அடி மூலைகள் இரண்டையும் நறுக்கி, நடுவில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, கிடங்கு மண்ணும் ஆற்று மணலும் நிரப்பினால் கன்று போடலாம். கத்தரி, மிளகாய், பப்பாசி எல்லாம் வரும். மழைக்கு முதல் மூன்று கிழமை இருக்கும்போது விதையுங்கள். நிலத்தில் வைக்கும்போது பைக்கற்றைப் பக்கவாட்டில் கிழித்து முழுவதையும் கழற்றி எடுத்துச் சாக்குக்குள் போடவேண்டும். அவசரத்தில் பைக்கற்றோடு நட்ட ஒரு பப்பாசி எனக்கு இடுப்பளவுக்கு மேல் உயரவில்லை. பிடுங்கிப் பார்த்தபோது வேர் ஒன்றும் வெளியில் போகாமல், பைக்கற்றின் அடியில் பந்து போலச் சுருண்டு கிடந்தது.